சிடி ப்ளேயரோடு தனி 'டாக்' பெட்டியை இணைப்பது

வீட்டில் பழைய சிடி ப்ளேயர் ஒன்று இருந்தால் அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருக்கும். அவை ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறவை, எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஆரஞ்சு அல்லது கறுப்பு நிறத்தில் தனியாக ஒரு துளையோ, சின்னக் கதவு போட்ட ஒரு சதுரப் பொந்தோ இருக்கக்கூடும். பலபேர் வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டதேயில்லை. பிளாஸ்டிக் மூடிகூட அப்படியே இருக்கும். இந்தக் கட்டுரை அந்தத் துளையைப் பற்றியது.

சிடி ப்ளேயருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. தகட்டைச் சுழற்றி, லேசர் ஒளியால் அதன் குழிகளைப் படித்து, பிழை திருத்தி, எண்களாக வரிசைப்படுத்திக் கொடுப்பது முதல் வேலை. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது இரண்டாவது. ஒலிபெருக்கிக்கு எண் தெரியாது, மின்னழுத்தம்தான் தெரியும். இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் சில்லுக்கு டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்று பெயர். 'இலக்க-ஒப்புமை மாற்றி' என்று தமிழில் சொல்லலாம்தான். ஆனால் நான்கு வரிக்கு ஒருமுறை சொன்னால் வாசகருக்கு மூச்சு வாங்கும். ரசிகர்களும் கடைக்காரர்களும் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'டாக்' என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்த ஆரஞ்சுத் துளையில் கிடைப்பது முதல் வேலை முடிந்து, இரண்டாவது தொடங்குவதற்கு முன் உள்ள எண்கள். அவற்றை வெளியே எடுத்துத் தனிப்பெட்டியில் உள்ள ஒரு டாக்குக்குக் கொடுத்தால், ப்ளேயருக்குள் இருக்கும் மாற்றிக்கு ஓய்வு. ப்ளேயர் தகடு சுழற்றும் யந்திரமாக மட்டும் மிஞ்சும். ஹைஃபை உலகில் அதை 'ட்ரான்ஸ்போர்ட்' என்பார்கள்.

ஏன் இப்படிப் பிரிக்கவேண்டும் என்று கேட்கலாம். முதல் காரணம் வரலாறு. 1982 அக்டோபரில் ஜப்பானில் ஸோனி விற்பனைக்குக் கொண்டுவந்த சிடிபி-101தான் கடைக்கு வந்த முதல் ப்ளேயர். அதில் இடது வலது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மாற்றி. இரண்டுக்கும் மாறி மாறி வேலை செய்தது. அதனால் ஒரு பக்கம் இன்னொன்றைவிடச் சுமார் 11 மைக்ரோநொடி பின்தங்கியது. (பயப்படவேண்டாம். காற்றில் ஒலி அந்த நேரத்தில் 4 மில்லிமீட்டர்தான் நகரும். நாற்காலியில் லேசாகச் சாய்ந்தாலே அவ்வளவு மாறிவிடும்.) கூட்டாளியான ஃபிலிப்ஸிடம் அப்போது 16 பிட் மாற்றி தயாராக இல்லை. 14 பிட் சில்லு ஒன்றுதான் இருந்தது. எண்களை நான்கு மடங்கு வேகத்தில் செலுத்தி, மிச்சப் பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டு, 14 பிட் சில்லிலிருந்து 16 பிட்டுக்கு நெருக்கமான தரத்தை எடுத்தார்கள். குறையைச் சமாளிக்கச் செய்த இந்தத் தந்திரம்தான் பிறகு எல்லோருடைய பாடப்புத்தகமும் ஆனது. 1985 வாக்கில் ஃபிலிப்ஸின் டிடிஏ1541 என்ற 16 பிட் சில்லு வந்தது. இன்றும் அதைத் தேடிப்பிடித்துப் பெட்டி கட்டும் பக்தர்கள் இருக்கிறார்கள்.

ஆக, 1980களில் மாற்றிகள் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தன; தகடு சுழற்றும் யந்திரமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் புதுப்பிக்கலாமே என்ற யோசனை இயல்பாக எழுந்தது. 80களின் பிற்பகுதியில் தனிப்பெட்டி டாக்குகள் விற்பனைக்கு வர இதுவே காரணம்.

இன்று நிலைமை வேறு. சுமாரான விலையில் கிடைக்கும் மாற்றிச் சில்லுகளே 115, 120 டெசிபெல் வீச்சு தருகின்றன. 16 பிட் தகட்டின் உச்சவரம்போ ஏறத்தாழ 98 டெசிபெல். தகட்டில் உள்ளதைவிடப் பாத்திரம் பெரிதாகிவிட்டது. இருந்தாலும் இணைக்க நியாயமான காரணங்கள் உண்டு. பழைய ப்ளேயரில் லேசரும் மோட்டாரும் நன்றாக இருக்க, அனலாக் பகுதியின் மின்தேக்கிகள் காய்ந்தோ, ஒலியை அடைத்துத் திறக்கும் ரிலே துருப்பிடித்தோ ஒருபக்க ஒலி மங்கிப்போவது சகஜம். அப்போது டிஜிட்டல் துளை வழியாக வெளியேறினால் ப்ளேயருக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள். நம்மவர் அலமாரிகளில் 90களில் செராங்கூன் ரோட்டிலும் டொராண்டோவிலும் பாரிஸ் லா ஷப்பெலிலும் வாங்கிய தகடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் சில, இணையத்தில் கிடைக்கும் பதிப்பைவிடத் தெளிவானவை; சில இணையத்தில் கிடைப்பதேயில்லை. அவற்றைச் சுழற்ற ஒரு நல்ல யந்திரம் வேண்டும். ஆனால் ஒன்று: லேசர் கண் மங்கிப்போன ப்ளேயருக்கு டாக் மருந்தல்ல. திக்குகிற தகடு புதுப்பெட்டியிலும் திக்கத்தான் செய்யும்.

கம்பியில் என்ன போகிறது

தகட்டில் ஒரு நொடிக்கு, ஒரு பக்கத்துக்கு, 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். 44,100 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது? 1970களின் கடைசியில் இவ்வளவு எண்களைச் சேமிக்க வசதியாகக் கிடைத்தது வீடியோ டேப். ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படுத்தத்தக்க 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50, 294, 3, அதுவும் 44,100. இரண்டு கண்டங்களுக்கும் பொருந்திய எண். தொலைக்காட்சிப் பெட்டியின் வரிக்கணக்கு இப்படி இசைத்தகட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

இந்த எண்களைக் கம்பியில் அனுப்பும் முறைக்கு அதை வகுத்த இரண்டு நிறுவனங்களின் பெயரே வைத்தார்கள்: ஸோனி/ஃபிலிப்ஸ் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ். சுருக்கமாக எஸ்பிடிஃப். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் ஏஇஎஸ்3 முறையும் (1985) இதுவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்; செய்தியின் அமைப்பு ஒன்றே, மின்சாரமும் செருகியும் வேறு. அதனால் ஒன்றின் செருகியை வெட்டி இன்னொன்றில் ஒட்டவைக்க முயலாதீர்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பக்கத்துக்கு 32 பிட் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தொடக்கத்தை அறிவிக்கும் முகவுரைக்கு 4. ஒலிக்கு 24 வரை, அதில் சிடி 16ஐ மட்டும் நிரப்பும். கடைசி 4 பிட் நிர்வாகச் சமாச்சாரங்கள். அந்த நிர்வாக பிட்டுகள் பிற்பாடு நமக்கு வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நொடிக்கு 28 லட்சத்துச் சொச்சம் பிட்டுகள். அனுப்பும் விதம் அழகானது. ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் மின்னழுத்தம் கட்டாயம் ஒருமுறை புரளும். பிட் 1 என்றால் நடுவில் இன்னொரு முறை புரளும். 0 என்றால் புரளாது. நேர், எதிர் என்பது முக்கியமில்லை, புரட்டல்தான் செய்தி. ஆகவே கம்பியின் இரு முனைகளும் தலைகீழாக மாறிப்போனாலும் இசை மாறாது. பெறுகிற பெட்டி அந்தப் புரட்டல்களிலிருந்தே 'இப்போது, இப்போது, இப்போது' என்ற கடிகார ஓட்டத்தையும் கறந்துகொள்ளலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

சுருதி சரி, காலப்பிரமாணம்?

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு முதலில் இடறுவது இதுதான்: எஸ்பிடிஃப் ஒருவழிப்பாதை. கிடைத்தது, கிடைக்கவில்லை, மறுபடி அனுப்பு என்ற பேச்சே கிடையாது. வேகத்தைத் தீர்மானிப்பது அனுப்புகிறவர். பெறுகிறவர் பின்னாலேயே ஓடவேண்டும்.

டாக் தன்னிடமே ஒரு நல்ல கடிகாரத்தை வைத்துக்கொண்டு வரும் எண்களை வாங்கி அடுக்கி, தன் வேகத்தில் வாசித்தால் என்ன? உலகில் எந்த இரண்டு படிகக் கடிகாரமும் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் நூறு பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிநேரத் தகடு முடியும்போது 0.36 நொடி இடைவெளி விழும். அடுக்கிவைத்த எண்கள் தீர்ந்துபோகும், அல்லது நிரம்பி வழியும். ஆகவே ஏதாவது ஒரு வகையில் ப்ளேயரின் கடிகாரத்தை மதித்தே ஆகவேண்டும். (கணினியோடு யுஎஸ்பி வழியாகப் பேசும் இக்காலத்து டாக்குகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிட்டன: டாக்கின் கடிகாரமே எஜமான், கணினி கேட்டபோது கொடுக்கும்.)

எண்கள் எல்லாம் சரியாக வந்து, அவை வாசிக்கப்படும் கணம் மட்டும் முன்பின்னாக நடுங்கினால் அதற்கு 'ஜிட்டர்' என்று பெயர். கச்சேரி கேட்கிறவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம்: ஸ்வரம் ஒன்றும் தப்பவில்லை, காலப்பிரமாணம் மட்டும் அலைகிறது. ஆனால் இங்கே அலைச்சல் நானோநொடிக் கணக்கில். தாளமாகக் கேட்காது, மெல்லிய அந்நிய ஒலிகளாக இரைச்சலோடு சேர்ந்துகொள்ளும்.

1992இல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்டு இருவரும் ஒலிப் பொறியியல் சங்கத்தில் வாசித்த கட்டுரை இதைக் கூர்மையாக எடுத்துவைத்தது. செய்தியும் கடிகாரமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், கம்பியும் உறுப்புகளும் அலையின் விளிம்புகளை மழுக்கினால், முந்தைய பிட்டைப் பொறுத்து அடுத்த புரட்டலின் கணம் நகர்ந்துபோகிறது. அதாவது இசையே தன் கடிகாரத்தைக் கெடுக்கிறது. விளம்பரக்காரர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. கம்பிக்கு நூறு, ஆயிரம் டாலர் விலை வைக்க ஒரு விஞ்ஞானச் சொல் கிடைத்துவிட்டது.

எவ்வளவு நடுக்கம் காதுக்குத் தெரியும்? காகிதத்தில் கணக்குப் போட்டால் எண் பயமுறுத்தும்: முழு உரப்பில் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 16 பிட்டின் கடைசிப் பிட்டில் பாதி அளவு பிழைக்குள் அடக்கவேண்டுமென்றால் 121 பிக்கோநொடிக்குள் இருக்கவேண்டும். ஆனால் யாரும் முழு உரப்பில் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது, அந்த வயதெல்லாம் போய்விட்டது. 1998இல் டால்பி ஆய்வகத்தின் பெஞ்சமினும் கேனனும் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். இசையைக் கேட்கும்போது, மிகக் கூர்மையான நிலையில், 20 நானோநொடி அளவில்தான் பிடிபட்டது. 2005இல் ஜப்பானில் அஷிஹாரா குழுவினர் தாறுமாறான நடுக்கத்தை வைத்துச் சோதித்தபோது சில நூறு நானோநொடி தேவைப்பட்டது. ஒழுங்காகக் கட்டிய எந்தப் பெட்டியும் இதற்கு வெகு கீழே நிற்கும்.

டாக்குகளும் சும்மா இருக்கவில்லை. வரும் கடிகாரத்தின் சராசரியை மட்டும் மெதுவாகப் பின்தொடர்ந்து, குட்டி நடுக்கங்களை உதறிவிடும் சுற்றுகள் வந்தன. இன்னொரு வகை, வரும் எண்களைத் தன் சொந்தக் கடிகாரத்தின் வீதத்துக்கு மறுகணக்கிட்டுக்கொள்ளும். மூன்றாவது வழி டாக்கிலிருந்து ப்ளேயருக்கு எதிர்த்திசையில் ஒரு கடிகாரக் கம்பி போடுவது; பொறியியல்படி இதுதான் சுத்தம், ஆனால் இரண்டு பெட்டியும் ஒரே கம்பெனியாக இருக்கவேண்டும் என்பதால் பரவவில்லை. என் அபிப்பிராயம்: 1992இல் நியாயமான கவலையாக இருந்தது, இன்று பெரும்பாலும் விற்பனைப் பேச்சு.

எந்தக் கம்பி

வட்டத்துளைக்குப் போவது கோஆக்ஸியல் கம்பி. நடுவில் ஒரு செம்புக்கம்பி, சுற்றிலும் கவசம், மின்மறுப்பு 75 ஓம். பழைய விசிஆரோடு வந்த மஞ்சள் முனை வீடியோ கம்பியும் பெரும்பாலும் அதே 75 ஓம் வகைதான். அதையே போடலாம், பாடும். சிவப்பு-வெள்ளை ஒலிக்கம்பியில் ஒன்றைப் போட்டாலும் ஒரு மீட்டர் தூரத்துக்குப் பெரும்பாலும் பாடிவிடும், ஆனால் மின்மறுப்பு பொருந்தாததால் அலை முனையில் மோதித் திரும்பும். அதைத் தவிர்ப்பது நல்ல பழக்கம். இந்த எதிரொலி காரணமாகவே அரை மீட்டர் கம்பியைவிட ஒன்றரை மீட்டர் மேல் என்று சிலர் வாதிடுவார்கள்: மோதித் திரும்பும் அலை தாமதமாக வருவதால், புரட்டலின் விளிம்பு கடந்த பிறகு வந்து சேரும் என்பது கணக்கு. தர்க்கம் சரி. வித்தியாசத்தைக் காதால் கேட்பேன் என்றால் வணக்கம் சொல்லி நகர்வேன்.

சதுரப்பொந்து தோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க். உள்ளே சிவப்பு எல்இடி ஒளி. ஒரு மில்லிமீட்டர் தடிமனான பிளாஸ்டிக் இழையில் போகிறது. ப்ளேயரை இயக்கி, பொந்தின் கதவைத் தள்ளினால் சிவப்பாகத் தெரியும். தெரிந்தால் டிஜிட்டல் வெளியீடு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நல்ல சோதனை. இதன் பெரிய அனுகூலம் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே மின்தொடர்பே இல்லை என்பது. ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கிறதென்றால், கோஆக்ஸியலை எடுத்துவிட்டு ஒளிக்கம்பியைப் போட்டுப் பாருங்கள். டிவி கேபிளும் கணினியும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கும் வீடுகளில் இது அடிக்கடி கைகொடுக்கும். ஒளிக்கம்பியைச் சுவரோரம் கூர்மையாக மடக்காதீர்கள், முனை மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். ஒளி போகவில்லை என்று புகார் சொல்பவர்களில் கணிசமானோர் மூடியோடு செருகியவர்கள்.

இரண்டும் இருந்தால் எது? ரீங்காரம் இல்லையென்றால் எதுவானாலும். 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இரண்டும் தாராளம்.

டாக்கின் பின்பக்கத்திலிருந்து சிவப்பு-வெள்ளை ஜோடியை ஆம்ப்ளிஃபயரின் சிடி அல்லது ஆக்ஸ் துளைக்கு இழுக்கவேண்டும்; ஃபோனோ என்று எழுதிய துளைக்கு அல்ல, அது இசைத்தட்டு ஊசிக்கானது. ப்ளேயரின் ஆரஞ்சுத் துளையைத் தவறிப்போயும் ஆம்ப்ளிஃபயரின் அனலாக் துளையில் நேரடியாகச் செருகவேண்டாம். அனலாக் பெட்டிக்கு அது பாட்டாகாது. வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்று: இன்று மலிவாகக் கிடைக்கும் குட்டி டாக்குகளில் பல யுஎஸ்பி உள்ளீடு மட்டும் கொண்டவை. கணினிக்கு நல்லது, சிடி ப்ளேயருக்குப் பயனில்லை. கோஆக்ஸியலோ ஆப்டிகலோ உள்ளீடாக இருக்கவேண்டும். வெளியீடாக இருந்தால் போதாது. நூறு அமெரிக்க டாலருக்குள்ளேயே அளவீட்டில் குறைசொல்ல முடியாத சீனத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் அஸாஹி காஸெய் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்து, அந்தச் சில்லுகளை நம்பியிருந்தவர்கள் வேறு சில்லுகளுக்குத் தாவவேண்டி வந்தது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் உள்ளே சில்லு மாறிய மாடல்களும் உண்டு. அதற்காகத் தூக்கம் கெடவேண்டியதில்லை.

டிவிடி ப்ளேயரும் இதே வேலையைச் செய்யும். பழைய சாமான் கடைகளில் காபி விலைக்குக் கிடைக்கிறது. பின்னால் டிஜிட்டல் வெளியீடு பெரும்பாலும் இருக்கும். இரண்டு விஷயம்: அமைப்புப் பட்டியலில் டிஜிட்டல் ஒலி 'பிசிஎம்' என்று இருக்கவேண்டும், 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ரா' என்றிருந்தால் சினிமாத் தகட்டின் டால்பி மூட்டையை அப்படியே அனுப்பும், இருபக்க டாக் விழிக்கும் அல்லது கத்தும். அடுத்து, சில டிவிடி ப்ளேயர்கள் சிடியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்புகின்றன. டாக்கில் வீதத்தைக் காட்டும் சிறு திரை இருந்தால் 44.1 என்று காட்டுகிறதா பாருங்கள். எஸ்ஏசிடி தகட்டின் உயர்தர அடுக்கு எஸ்பிடிஃப் வழியாக வெளியே வராது. கலப்புத் தகடாக இருந்தால் சிடி அடுக்கு மட்டும் வரும். கையடக்க டிஸ்க்மேன்களில் லைன்-அவுட் துளைக்குள்ளேயே ஒளி வெளியீட்டை ஒளித்துவைத்த மாடல்கள் உண்டு. அதற்கேற்ற குட்டிமுனைக் கம்பி தனியாக வேண்டும். அவற்றில் அதிர்வு தாங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சில கருவிகளில் அது ஒலியைச் சுருக்கிச் சேமித்துத்தான் வாசிக்கிறது.

கேட்டுப் பார்ப்பது

இணைத்தாயிற்று. ப்ளேயரின் பழைய சிவப்பு-வெள்ளைக் கம்பியை உடனே பிடுங்காதீர்கள். அதை ஆம்ப்ளிஃபயரின் ஒரு துளையிலும் டாக்கை இன்னொரு துளையிலும் வைத்தால், ஒரே தகடு ஓடும்போது குமிழைத் திருப்பி இரண்டையும் மாறிமாறிக் கேட்கலாம். இவ்வளவு வசதியான ஒப்பீடு ஒலி உலகில் அபூர்வம்.

ஆனால் ஒரு பொறி உண்டு. ப்ளேயர்கள் உச்சத்தில் 2 வோல்ட் தருவது வழக்கம். டாக் 2.5 வோல்ட் தந்தால் அது ஏறக்குறைய 2 டெசிபெல் உரப்பு அதிகம். 2 டெசிபெல்லை நம் காது 'சத்தம் கூடுதல்' என்று சொல்லாது. 'தெளிவு', 'உயிர்', 'தம்புரா இப்போதுதான் கேட்கிறது' என்று சொல்லும். கடையில் விலைகூடிய பெட்டி எப்போதும் நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 400 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை ஒரு தகட்டில் எழுதி ஓடவிட்டு, ஒலிபெருக்கி முனையில் சாதாரண மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து, டாக்கிலோ ஆம்ப்ளிஃபயரிலோ உரப்பைச் சமன்செய்யுங்கள். (மலிவு மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் பொய் சொல்லும். ஆகவே 400.) பிறகு வீட்டில் யாரையாவது குமிழைத் திருப்பச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் இருபது தடவை எழுதிப்பாருங்கள். பதினைந்துக்கு மேல் சரியென்றால் உங்கள் ப்ளேயரின் மாற்றியில் உண்மையிலேயே குறையிருக்கிறது, பணம் வீணாகவில்லை.

2007இல் மேயர், மொரான் இருவரும் பாஸ்டனில் செய்த சோதனையை இங்கே சொல்லவேண்டும். உயர்தரத் தகடுகளின் ஒலியை ஒருமுறை 16 பிட் 44.1க்கு மாற்றித் திரும்ப அனலாக் ஆக்கி, நேரடி ஒலியோடு ஒப்பிடவைத்தார்கள். 550க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சரியான விடை ஏறக்குறைய சரிபாதி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவே. நல்ல மாற்றி எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை. கெட்டுப்போனதைக் கெடாமல் ஆக்குகிறது, அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத பிட்

நிர்வாக பிட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவற்றில் ஒன்று நிஜமாகவே காதில் விழும் வித்தியாசத்தை உண்டாக்கக்கூடியது. ஆயிரம் டாலர் கம்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இதைத் தொடுவதில்லை.

மாற்றிகள் பலவீனமாக இருந்த 80களின் தொடக்கத்தில், பதிவின்போதே உயர் அதிர்வெண்களைத் தூக்கி எழுதி, வாசிக்கும்போது அதே அளவு இறக்கினால் மாற்றியின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ப்ரீ-எம்ஃபஸிஸ் என்று பெயர், முன்னழுத்தம் எனலாம். சுமார் 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஏறத் தொடங்கி உச்சியில் ஏறத்தாழ 10 டெசிபெல். எல்லாத் தகடுகளிலும் இல்லை. ஆரம்பகால ஜப்பானிய அச்சுகளிலும் மேற்கத்திய செவ்வியல் தகடுகளிலும் அதிகம். ஜப்பானில் தோஷிபா-இஎம்ஐ 1983இல் வெளியிட்டுப் பிறகு விலக்கிக்கொண்ட பீட்டில்ஸின் 'அபே ரோடு' பெயர்பெற்ற உதாரணம். தகட்டில் இதற்கென்று ஒரு கொடி இருக்கும். ப்ளேயர் அதைப் பார்த்துத் தன் அனலாக் பகுதியில் ஒரு வடிகட்டியைச் செருகி ஒலியை இறக்கிவிடும். சிடி ப்ளேயர் என்று பெயர் வைத்தால் இதைச் செய்தே ஆகவேண்டும்.

டிஜிட்டல் துளை வழியாகப் போகும்போது பல ப்ளேயர்கள் எண்களைத் தொடாமல், கொடியை நிர்வாக பிட்டில் ஏற்றி அனுப்பிவிடும். இறக்கவேண்டிய பொறுப்பு டாக்குடையது. 80, 90களின் டாக்குகள் பெரும்பாலும் பொறுப்பாக இறக்கின. இன்றைய டாக்குகளில் பல அந்தப் பிட்டைப் படிப்பதேயில்லை. விளைவு, தகடு கீச்சென்று மெல்லிசாக, ஜால்ராவும் 'ஸ' ஒலிகளும் முகத்தில் அறைகிற மாதிரி பாடும். கேட்பவர் 'புது டாக்கில் விவரம் அதிகம்' என்று மகிழலாம், அல்லது 'பழைய தகடு, அப்படித்தான்' என்று தள்ளிவைத்துவிடலாம். இரண்டும் அநியாயம்.

சோதிக்க வழி உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் பாட்டுப் பட்டியலிலேயே ஒவ்வொரு தடத்துக்கும் முன்னழுத்தம் உண்டு, இல்லை என்று காட்டும். ஆனால் சில தகடுகளில் கொடி முகப்புப் பட்டியலில் இராது, பாட்டுக்கு நடுவே ஓடும் துணைத் தகவலில் மட்டுமே இருக்கும், அதையும் படிக்கச்சொல்லவேண்டும். அலமாரியில் உள்ள தமிழ், கர்நாடகத் தகடுகளைப் பொதுவாக இப்படி, அப்படி என்று தீர்ப்புச் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே சரி. 90களுக்கு முந்தையவற்றிலிருந்து தொடங்கலாம். கொடியுள்ள தகடு கிடைத்தால் அதை டாக்கிலும் ப்ளேயரின் பழைய அனலாக் வெளியீட்டிலும் மாற்றிக் கேளுங்கள். டாக் பளீரென்றும் ப்ளேயர் நிதானமாகவும் ஒலித்தால், அந்தத் தகடுக்குப் பழைய சிவப்பு-வெள்ளைக் கம்பியே மேல். கணினியில் ஏற்றிவைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: ஒலிக்கோப்பாக மாறிய பிறகு கொடி பெரும்பாலும் தொலைந்துபோகும், தூக்கி எழுதிய ஒலி மட்டும் நிரந்தரமாக மிஞ்சும். ஸாக்ஸ் என்ற இலவச நிரலில் இதை இறக்குவதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. இறக்கிய கோப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொண்டு மூலத்தையும் அழிக்காமல் வையுங்கள். எந்தக் கோப்பு எது என்று பெயரிலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் இரண்டுமுறை இறக்கினால் பாடகர் கம்பளிக்குள்ளிருந்து பாடுவார்.